வலது கை கார்பல் டனல் ஆபரேஷன்: கத்தரி பிடிக்க எத்தனை நாள் ஆகும்?

ஊசிநூல்

வணக்கம். அம்மாவுக்கு 54 வயசு, 62 கிலோ. வீட்டுல தையல் வேலை, பெரும்பாலும் பிளவுஸ். பத்து வருஷமா சர்க்கரை. மெட்ஃபார்மின் 1000 ரெண்டு வேளை, டாபாகிளிஃப்ளோசின் 10 ஒரு வேளை, ஆஸ்பிரின் 75. கடைசியா எடுத்த ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சர்க்கரை) 7.6.

ரெண்டு கையிலயும் கார்பல் டனல், அதாவது மணிக்கட்டுல நரம்பு நசுங்குற கோளாறு. ராத்திரி கை மரத்துப்போய் தூக்கம் கலையுது, உதறினா கொஞ்ச நேரத்துல சரியாகும். வலது கையில கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் நுனி இப்போ பகல்லயும் மரத்தே இருக்கு. ஹூக் வைக்கிறப்போ கை நழுவுது. ஆறு வாரம் ராத்திரியில ஸ்பிளிண்ட் (மணிக்கட்டை நேரா நிறுத்துற பட்டை) போட்டதுல இடது கை நல்லாவே குறைஞ்சுது, வலது அசையல.

நர்வ் கண்டக்‌ஷன் ரிப்போர்ட்: வலது மீடியன் நரம்புல (மணிக்கட்டுல நசுங்குறது இதுதான்) சென்சரி ரெஸ்பான்ஸ், அதாவது உணர்ச்சி சிக்னல், கிடைக்கல, மோட்டார் டிஸ்டல் லேட்டன்சி (மணிக்கட்டுல இருந்து தசைக்கு சிக்னல் போய்ச் சேர எடுக்கிற நேரம்) 6.1 மில்லிசெகண்ட். இடது 4.8, சென்சரி தாமதம்.

வலது கைக்கு ஓபன் ரிலீஸ் (உள்ளங்கையைத் திறந்து அந்த அழுத்தத்தை விடுவிக்கிறது)னு டாக்டர் சொல்லியிருக்கார், மரத்துப்போற ஊசி போட்டு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். மூணு விஷயம் தெரியணும். இப்போவே பண்ணணுமா, ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்க்கலாமா? அன்னைக்கு என்னென்ன நடக்கும்? அம்மா கத்தரியும் மெஷினும் எப்போ தொடலாம்? ஆடி தள்ளுபடி முடிஞ்சதும் தீபாவளி ஆர்டர் வந்துடும், அதுதான் கவலை.

உள்ளங்கை (கை அறுவை சிகிச்சைப் பிரிவு)

முதல் கேள்விக்கு ரிப்போர்ட்டே பதில் சொல்கிறது. மோட்டார் டிஸ்டல் லேட்டன்சிக்குப் பெரும்பாலான லேப்களில் 4.2 முதல் 4.5 வரைதான் மேல் எல்லை. இடது 4.8, சென்சரி இருக்கிறது, தாமதம் மட்டும், அது நடுத்தரம். வலதில் சென்சரி சிக்னலே வரவில்லை, மோட்டாரும் 6.1. இது கடுமையான நிலை. இந்த நிலையில் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் ராத்திரி வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். அந்த நாளெல்லாம் நரம்பு நசுங்கிக்கொண்டேதான் இருக்கும். சர்க்கரை உள்ளவருக்கு ஊசி போட்ட பின் சில நாள் சர்க்கரை எகிறும் என்பது தனி. அதோடு, ஊசி போட்ட கையில் சீக்கிரமே கத்தி வைத்தால் இன்ஃபெக்‌ஷன் வாய்ப்பு கூடுகிறது. மூன்று மாத இடைவெளி கேட்கும் டாக்டர்கள் நிறைய. அதாவது இப்போது ஒரு ஊசி என்றால் ஆபரேஷன் தீபாவளியையும் தாண்டிப் போய்விடும். வலது கைக்கு ஊசி வேண்டாம் என்பதே என் கருத்து.

ஒன்று மட்டும் இன்றைக்கே பாருங்கள். இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்த்தபடி மேஜையில் வையுங்கள். கட்டைவிரலுக்கு அடியில் உள்ள சதைமேடு வலதில் இடதை விடத் தட்டையாக, குழி விழுந்ததுபோல் இருக்கிறதா? கட்டைவிரலை நேரே கூரையைப் பார்த்துத் தூக்கச் சொல்லி, நீங்கள் விரலால் கீழே அழுத்துங்கள். இடது தாங்கி நிற்கும் அளவுக்கு வலது நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் மோட்டார் நார்களும் செத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அதற்குப் பிறகு தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் திரும்பி வராத நஷ்டம்.

உள்ளே நடப்பது இதுதான். மணிக்கட்டு எலும்புகள் ஒரு தொட்டி மாதிரி வளைந்திருக்கின்றன. அதன் மேல் மூடியாகக் குறுக்கே ஒரு தடித்த நார்ப்பட்டை. அந்தக் குழாய்தான் கார்பல் டனல். அதற்குள் விரல் மடக்கும் டெண்டன் (தசைநாண்) ஒன்பது, அவற்றோடு மீடியன் நரம்பு ஒன்று. டெண்டன்களைச் சுற்றிய உறை ஊதினாலும், பட்டை தடித்தாலும், நசுங்குவது நரம்புதான், ஏனென்றால் அங்கே மிருதுவான பொருள் அது ஒன்றே. ஆபரேஷன் என்பது அந்த மூடியை நீளவாக்கில் முழுசாகப் பிளப்பது. நரம்பின் மேல் யாரும் கை வைப்பதில்லை. 1933-இல் ஜேம்ஸ் லேர்மந்த் இதைப் பதிவு செய்த நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை, போகும் வழிதான் மாறியிருக்கிறது.

எது எந்த வரிசையில் சரியாகும் என்பதைத்தான் பலரும் தெரிந்துகொள்ளாமல் வருகிறார்கள். ராத்திரி வலியும் விழிப்பும் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே போய்விடும். விட்டுவிட்டு வரும் விறுவிறுப்பு சில வாரத்தில் குறையும். ஆனால் பகலெல்லாம் நிற்கிற மரப்பு வேறு கதை. நரம்பின் மேலுறை மட்டும் கெட்டிருந்தால் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் தேறும். உள்ளே நாரே அறுந்திருந்தால் அது மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை புதிதாக வளர்ந்து போக வேண்டும், ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். 17, 18 சென்டிமீட்டர் தூரம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்: ஆறு மாதத்துக்குக் குறையாது, ஒரு வருஷம் வரையும் போகலாம். உங்கள் அம்மாவுக்கு இரண்டும் கலந்திருக்கும். நடுவிரல் நுனியில் கொஞ்சம் மரப்பு நிரந்தரமாகத் தங்கவும் கூடும். சதைமேடு வற்றியிருந்தால் அது திரும்புவது எல்லாவற்றிலும் கடைசி, வயதானவர்களுக்கு வராமலே போவதும் உண்டு. கட்டைவிரலால் எதிர்விரலைத் தொடவே முடியாத அளவு போனவர்களுக்கு, அதே நேரத்தில் மணிக்கட்டின் முன்பக்கமுள்ள பால்மாரிஸ் லாங்கஸ் டெண்டனை எடுத்துக் கட்டைவிரலுக்கு மாற்றிப் பொருத்துவதும் உண்டு. உங்கள் அம்மாவுக்கு அது தேவைப்படும் என்று சொல்ல வரவில்லை. டாக்டர் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என்சிஎஸ் மேசை

ரிப்போர்ட் பக்கம் இருந்து ரெண்டு வார்த்தை. கை சில்லுன்னு இருந்தா எல்லா நரம்பும் மெதுவாத்தான் ஓடும். ஏசி ரூம்ல உட்கார வெச்சு எடுத்தா இல்லாத தாமதம் எல்லாம் தெரியும். தோல் 32 டிகிரிக்கு மேல இருக்கணும், இல்லைன்னா வெந்நீர்ல கை வெச்சு சூடாக்கிட்டு எடுக்கணும். சுண்டுவிரல் நரம்பான அல்னர் நார்மலா இருந்து மீடியன் மட்டும் தாமதம்னா குளிர் காரணம் இல்லை. அல்னர் வரி என்ன போட்டிருக்குன்னு பாருங்க. அதுவும் குறைவா இருந்தா சர்க்கரையால வர்ற பொதுவான நரம்புக் கோளாறு கூடவே இருக்கு. அப்போ ஆபரேஷனுக்கு அப்புறமும் ஒரு பங்கு மரப்பு நிக்கும். அதை முன்னாடியே பேசிடுறது நல்லது.

பத்து வருஷம் மெட்ஃபார்மின்னு சொல்றீங்க. பி12 ஒரு தடவை பார்த்துடுங்க, அந்த மாத்திரை பி12 உறிஞ்சுறதைக் குறைக்கும். டிஎஸ்ஹெச்சும் பார்க்கணும். தைராய்டு குறைஞ்சா மணிக்கட்டுல வீக்கம் வந்து இதே மாதிரி காட்டும், மாத்திரையிலயே தேறவும் செய்யும்.

நம்ம ஊர்ல விட்டுடக் கூடாத இன்னொண்ணு: உடம்புல எங்கயாவது வெளுத்த, உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கா? முழங்கைக்கு உட்பக்கம் நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருக்கா? தொழுநோயும் கை நரம்பைத்தான் பிடிக்கும். ரெண்டும் இல்லைன்னா கவலை வேண்டாம். மருந்து இருக்கிற நோய், தேடாம விடுறதுதான் தப்பு.

மயக்க மருந்துப் பிரிவு

அன்றைக்கு என்ன நடக்கும் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்: கையில் டோர்னிக்கே கட்டிச் செய்யப்போகிறார்களா, கட்டாமலா? ஏனென்றால் அம்மாவுக்கு அன்று எது வலிக்கும் என்பது அதைப் பொறுத்தது.

டோர்னிக்கே என்பது பிரஷர் பார்க்கும் பட்டை மாதிரி மேற்கையில் கட்டி 250 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை ஏற்றி ரத்தத்தை நிறுத்துவது. ஆபரேஷன் பத்துப் பதினைந்து நிமிஷம்தான், ஆனால் விழித்திருக்கிறவர் அந்த இறுக்கத்தைப் பதினைந்து இருபது நிமிஷத்துக்கு மேல் தாங்கமாட்டார். வெட்டுகிற இடம் வலிக்காது, மேற்கைதான் கனத்து வலிக்கும். பலரும் ஆபரேஷன் வலித்தது என்று சொல்வது இந்தப் பட்டையைத்தான்.

கட்டாமல் செய்வதென்றால் லிக்னோகெயின் 1 சதவீதத்தில் 1:100000 அட்ரினலின் கலந்து, உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் சுமார் 20 மில்லி போடுவோம். அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடுவதால் பட்டை தேவைப்படாது. 62 கிலோவுக்கு அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் 430 மில்லிகிராம் வரை போகலாம். 20 மில்லியில் இருப்பது 200. ஊசி எரிவதற்குக் காரணம் மருந்தின் அமிலத்தன்மை. 10 மில்லிக்கு 1 மில்லி சோடியம் பைகார்பனேட் சேர்த்து, மெல்லிய 27 கேஜ் ஊசியில் மெதுவாக ஏற்றினால் முதல் குத்துக்கு மேல் பெரிதாகத் தெரியாது. பிறகு 25, 30 நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஊசி போட்டுவிட்டு வெளியே உட்கார வைத்துவிட்டார்களே என்று பதறாதீர்கள், அந்தக் காத்திருப்புதான் ரத்தமில்லாமல் வெட்ட வைக்கிறது. கை வெளிறிப்போய்த் தெரியும், அதுவும் மருந்தின் வேலைதான்.

இரண்டு வகையிலும் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், கூர்மையான வலி தெரியக் கூடாது. தெரிந்தால் வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கள், இன்னும் இரண்டு மில்லி போடுவது ஒரு வேலையே இல்லை. அம்மா வயதுக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள்.

கையை மட்டும் மரக்கவைக்கும் ஊசி என்றால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இட்லி சாப்பிட்டுச் சர்க்கரை மாத்திரை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு வரலாம். ஒருவேளை மயக்கமோ தூக்க ஊசியோ கொடுப்பதாகச் சொன்னால் கதை மாறும். அப்போது டாபாகிளிஃப்ளோசினை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். பட்டினியோடு அந்த மாத்திரை சேர்ந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். ஆஸ்பிரின் 75-ஐ இந்த ஆபரேஷனுக்காகப் பொதுவாக நிறுத்துவதில்லை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

மரப்பு ஐந்தாறு மணி நேரம் நிற்கும், சிலருக்கு ராத்திரி வரை. அது முழுசாக விடுவதற்கு முன்பே முதல் பாராசிட்டமால் 650 போட்டுவிடுங்கள். பிறகு ஆறு மணிக்கு ஒரு தடவை, இரண்டு மூன்று நாள். பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படாது. டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையைக் கிரியாட்டினின் பார்க்காமல் சர்க்கரைக்காரருக்குக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

வேகத்தடை

ஒரு சந்தேகம். கீஹோல் முறையில் ஒரு சென்டிமீட்டர் தையலோடு முடிகிறதே, அதை விட்டுவிட்டு ஏன் உள்ளங்கையைத் திறக்க வேண்டும்? தையல்காரம்மாவுக்குச் சீக்கிரம் வேலைக்குப் போகணும்னா அதுதானே சரி?

உள்ளங்கை

நியாயமான கேள்வி. எண்டோஸ்கோப் முறையில் மணிக்கட்டு மடிப்பில் சிறு வெட்டு போட்டு, கேமராவும் கத்தியும் பட்டைக்கு அடியில் போய்க் கீழிருந்து மேலாகப் பிளக்கின்றன. உள்ளங்கைத் தோல் முழுசாக இருப்பதால் முதல் சில வாரங்களில் பிடிப்பு சீக்கிரம் வரும், வேலைக்கும் ஒன்றிரண்டு வாரம் முன்னால் திரும்பலாம். மூன்று மாதம், ஆறு மாதம் போனபின் இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பதிலுக்கு நரம்பு உரசித் தற்காலிகமாக விறுவிறுப்பு வருவது எண்டோஸ்கோப்பில் கொஞ்சம் அதிகம், செலவும் அதிகம். மணிக்கட்டு பின்னால் மடங்காதவர், ஏற்கெனவே ஒருதரம் ஆபரேஷன் ஆன கை, உள்ளே கட்டி சந்தேகம் என்றால் திறந்துதான் ஆக வேண்டும். அந்த டாக்டர் மாதம் எத்தனை கை எந்த முறையில் செய்கிறார் என்பது இந்த விவாதத்தை விட முக்கியம். ஓபன் முறையில் கை பழகினவரிடம் கீஹோல் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

ஓபன் என்றாலும் இப்போது முன்கை வரை கீறுவதில்லை. மோதிர விரலின் கோட்டில், உள்ளங்கையின் அடிப்பகுதியில், இரண்டரையிலிருந்து நாலு சென்டிமீட்டர். தோல், கொழுப்பு, உள்ளங்கைப் படலம், அதன் கீழே வெள்ளையாக, குறுக்கு நாராக அந்தப் பட்டை. சுண்டுவிரல் பக்கம் ஒதுங்கியே வெட்டுவார்கள், காரணம் கட்டைவிரல் சதைமேட்டுக்குப் போகும் கிளை நரம்பு மறுபக்கம் இருக்கிறது. விரல் பக்க முனையில் கொழுப்பு தெரியும் வரை, மணிக்கட்டுப் பக்கம் முன்கைப் படலம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விடும் வரை வெட்டினால்தான் முழுசு. பிறகு தோலுக்கு மட்டும் நாலைந்து நைலான் தையல். பிளந்த பட்டையைத் தைப்பதில்லை. இடைவெளியில் தழும்புத் திசு வளர்ந்து, கொஞ்சம் நீண்ட மூடியாகத் தானே சேர்ந்துகொள்ளும்.

கட்டுப் பிரிவு சிஸ்டர்

போகும்போதே கவனிக்க வேண்டியது: வளையல், மோதிரம் எல்லாம் முதல் நாளே கழட்டிடுங்க. வீக்கம் வந்தப்புறம் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்கணும். வீக்கம் முழுசா வத்துற வரைக்கும் திரும்பப் போட வேண்டாம். நகம் ஒட்ட வெட்டிக்கிட்டு, பாலிஷ் அழிச்சிட்டு வரணும். மருதாணி ரெண்டு வாரம் முன்னாடியே வேண்டாம். முன்பக்கம் பட்டன் வெச்ச நைட்டி, இல்லைன்னா தொளதொளன்னு கையுள்ள ஜாக்கெட்.

வலது கைங்கிறதால சாப்பாடு ரெண்டு வாரம் ஸ்பூன்லதான், அதுவும் இடது கையால. அப்பளம் கூட நொறுக்கித் தரணும். பாத்ரூம் பழக்கத்துக்கு இடது கை இருக்கு, அது ஒரு நிம்மதி. ரெண்டு கையையும் ஒரே நாள்ல பண்ணிக்கிறவங்க இதை யோசிக்காம வந்து அப்புறம் அழுவாங்க. குளிக்கிறப்போ கட்டு மேல பிளாஸ்டிக் பை, முழங்கைக்குக் கீழே ரப்பர் பேண்டு இறுக்காம டேப் ஒட்டணும், கையை மேல தூக்கியே வெச்சிருக்கணும். கட்டு நனைஞ்சா காயட்டும்னு விடாதீங்க, அன்னைக்கே வந்து மாத்திக்கணும். ஈரக்கட்டுக்குள்ள உள்ளங்கைத் தோல் ஊறி வெள்ளையாயிடும், தையல் பிய்ச்சுக்கும்.

முதல் ரெண்டு மூணு நாள் கை நெஞ்சுக்கு மேல. தூங்கும்போது பக்கத்துல ரெண்டு தலையணை போட்டு அது மேல கை. கழுத்துல தொட்டில் கட்டிக்கிட்டே திரிய வேண்டாம். சர்க்கரை இருக்கிறவங்களுக்குத் தோள் இறுகிப்போறது சீக்கிரம் வரும், கைக்குப் பண்ண ஆபரேஷனுக்குத் தோள் வலியோட வருவாங்க. பெரிய கட்டு மூணு நாளு, அஞ்சு நாள்ல சின்னதாகும். தையல் பிரிக்கிறது 12லிருந்து 14 நாள், சர்க்கரைன்னா 14 தான் எனக்கு இஷ்டம். உள்ளங்கைத் தோல் தடிப்பு, அவசரப்பட்டுப் பிரிச்சா வாய் பிளக்கும்.

ஊசிநூல்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். சதைமேடு பார்த்தேன், வலதுல கொஞ்சம் தட்டைதான், ஆனா அழுத்தினா தாங்குறாங்க. பி12, டிஎஸ்ஹெச் எடுக்கச் சொல்லிட்டேன். அல்னர் நார்மல்னுதான் போட்டிருக்கு. தேமல் எதுவும் இல்லை.

பாட்டி தையல் பிரிச்சதும் மஞ்சள் அரைச்சுப் போடணும்ங்கிறாங்க, பக்கத்து வீட்டுல வெந்நீர் ஒத்தடம்ங்கிறாங்க. அப்புறம் கத்தரி விஷயத்தை யாரும் சொல்லலையே.

நெல்லை பிசியோ

மஞ்சள் வேண்டாம்மா. ஆறின தோல்னு நினைச்சுப் போடுவாங்க, தையல் துளை ரெண்டு நாள் திறந்துதான் இருக்கும். ஒத்தடம் அதைவிட மோசம். விரல் நுனி மரத்திருக்கு, சூடு தெரியாது, கொப்புளம் வந்தப்புறம்தான் தெரியும். தோசைக்கல்லு, இஸ்திரிப் பெட்டி ரெண்டும் ஒரு ஆறு மாசத்துக்கு எதிரின்னு வெச்சுக்கோங்க. ஓரம் மடிச்சு விரலால பிடிச்சுக்கிட்டே தேய்க்கிற பழக்கம் தையல்காரங்களுக்கு உண்டு, அதை இப்போவே நிறுத்தச் சொல்லுங்க. துணியைக் குண்டூசியில நிறுத்தி இடது கையால தேய்க்கலாம், வலது விரல் சூட்டுக்குப் பக்கத்துல போகக் கூடாது.

பயிற்சி அன்னைக்கு ராத்திரியே ஆரம்பம். கட்டுக்கு வெளிய விரல் இருக்குல்ல, அதை அசைக்கணும். விரல் நேரா, அப்புறம் கொக்கி மாதிரி நடு மூட்டும் நுனி மூட்டும் மட்டும் மடக்கி, அப்புறம் முழு முஷ்டி, மறுபடி நேரா, மேஜை மாதிரி அடி மூட்டு மட்டும் மடக்கி, கடைசியா விரல் நுனி உள்ளங்கை அடியைத் தொடுற தட்டை முஷ்டி. ஒவ்வொண்ணும் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு நாலஞ்சு வேளை. டெண்டனும் நரம்பும் தழும்புல ஒட்டிக்காம வழுக்கணும், அதுக்குத்தான் இது. பலம் கூட்ட இல்லை, அதனால ஸ்மைலி பந்தை அமுக்குறது எல்லாம் முதல் மாசம் வேண்டாம். நான் பார்க்கிற தப்புல முக்கால்வாசி அந்தப் பந்துதான். மணிக்கட்டை ஸ்பிளிண்ட் போட்டுப் பூட்டி வைக்கிறதால கூடுதல் லாபம் எதுவும் இல்லை.

தையல் பிரிச்சு நாலஞ்சு நாள் கழிச்சு, துளை எல்லாம் மூடினதும், தழும்பு மேல மசாஜ். தேங்காய் எண்ணெய் போதும், வாசலின் இருந்தாலும் சரி. கட்டைவிரல் வெச்சு அழுத்தி வட்டமா, தோல் அடியோட நகரணும், எண்ணெய் மட்டும் வழுக்கக் கூடாது. அஞ்சு நிமிஷம், மூணு வேளை, ரெண்டு மூணு மாசம். முதல்ல தொட்டாலே சுரீர்னு இருக்கும். பஞ்சு, அப்புறம் துண்டு, அப்புறம் அரிசிப் பாத்திரத்துக்குள்ள கை விட்டுக் கிளறுறதுன்னு பழக்கினா குறையும்.

இப்போ கத்தரி. கத்தரிப் பிடி எங்க அழுத்துதுன்னு பாருங்க: ஒரு வளையம் கட்டைவிரல் அடியில, இன்னொண்ணு உள்ளங்கைக்குள்ள. ஆபரேஷன் ஆன ரெண்டு ஓரமும் அதேதான். ஆபரேஷனுக்கு அப்புறம் அங்க வர்ற அடிக்கை வலி நரம்பு வலி கிடையாது. கட்டைவிரல் சதையும் சுண்டுவிரல் சதையும் அந்தப் பட்டையில இருந்துதான் கிளம்புது. பட்டை பிளந்ததும் ரெண்டுக்கும் பிடிமானம் ஆடிப்போயிடுது. கையை ஊனி எழுந்திருக்க முடியாது, கதவுக் குமிழைத் திருக முடியாது. ஆறு வாரத்துல மோசமாத் தெரிஞ்சு, மூணு மாசத்துல பெரும்பாலும் அடங்கும், சிலருக்கு ஆறு மாசம். ஆபரேஷன் தோத்துடுச்சுன்னு பயப்படுறது இந்த வலிக்குத்தான். ராத்திரி மரப்பு போயிடுச்சான்னு கேளுங்க, போயிருந்தா ஆபரேஷன் ஜெயிச்சாச்சு.

அதனால கணக்கு இப்படி. ரெண்டு வாரம் வரைக்கும் காபி டம்ளர் எடை, அதாவது அரைக்கிலோவுக்குள்ள. தையல் பிரிச்ச பிறகு மெஷின்ல துணியை வழிகாட்டுறது, மோட்டார் மெஷின்னா மூணாவது வாரம் அரை மணி, அரை மணியா. கால் மெஷின்னா சக்கரத்தைச் சுத்தி விடுறது வலது கை, அந்த இழுப்பு வேணாம், இடது கையை நீட்டி சுத்தலாம் அல்லது நாலு வாரம் பொறுக்கலாம். ஹெம்மிங், ஹூக், காஜா இதெல்லாம் பலம் கேட்காது, உணர்ச்சி கேட்கும். அது நரம்பு எப்போ விழிக்குதோ அப்போதான். கத்தரியில மெல்லிசு துணி ஒண்ணு ரெண்டு அடுக்கு ஆறு வாரத்துல, நாலு அடுக்கு லைனிங்கோட சேர்த்து வெட்டுறது எட்டுப் பத்து வாரம். இடையில வெட்டு வேலையை வேற ஆள்கிட்ட கொடுங்க, தையல் மட்டும் அம்மா.

சமையல் பக்கம் தேங்காய் துருவுறது, சப்பாத்தி மாவு பிசையுறது, துணி பிழியுறது, நிறைஞ்ச குக்கரைத் தூக்குறது நாலும் ஆறு வாரத்துக்கு வீட்டுல வேற யாராவது. ஸ்கூட்டர் ஓட்டுவாங்கன்னா, பிரேக்கை முழுசா, சட்டுன்னு, முகம் சுளிக்காம அமுக்க முடியற வரைக்கும் தொட வேண்டாம். வலது கைதான் ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும். பொதுவா மூணு நாலு வாரம்.

உள்ளங்கை

பிசியோ சொன்னதோடு ஒத்துப்போகிறேன். எது சகஜம் என்று சொல்லியாகிவிட்டது. எது சகஜமில்லை என்பதையும் சேர்த்துவிடுகிறேன்.

கட்டுக்குள் வலி மாத்திரைக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போனால், விரல் நீலமானால், ஊசி மரப்பு விட்டபிறகு முன்பில்லாத புது மரப்பு வந்தால், அன்று ராத்திரியே கட்டைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். உள்ளே ரத்தக்கட்டு அழுத்தலாம். மூன்றாம் நாளுக்கு மேல் சிவப்பு பரவுதல், சீழ், காய்ச்சல் என்றால் இன்ஃபெக்‌ஷன். நூறில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குக் கொஞ்சம் கூடுதல். 7.6 நல்ல எண்தான், இதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் கை முழுதும் வீங்கி, பளபளத்து, எரிந்து, விரலை மடக்கவே விடாமல் போனால் அது வேறொரு நரம்புக் கோளாறு. அப்போது சும்மா வைத்தால் விரல் இறுகிவிடும், உடனே கை சிகிச்சை தொடங்க வேண்டும்.

ராத்திரி மரப்பு ஒரு நாள்கூடக் குறையவே இல்லை என்றால், பட்டை முழுசாகப் பிளக்கவில்லையோ என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் விரல் பக்க முனையில் சில நார் தங்கியிருக்கும். முழுசாகப் பிளந்தும் குறையவில்லை என்றால் கழுத்தில் நரம்பு அழுத்தமா என்று தேட வேண்டும். இன்னொன்று: சில மாதம் கழித்து ஒரு விரல் மடக்கினால் டக்கென்று மாட்டிக்கொள்வது. டிரிக்கர் ஃபிங்கர். இந்த ஆபரேஷனுக்குப் பின் வருவது உண்டு, சர்க்கரைக்காரருக்கு அதிகம். தவறாகச் செய்துவிட்டார்கள் என்று அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஊசிநூல்

கடைசியா ஒண்ணே ஒண்ணு. இடது கையை எப்போ பண்றது? இதோட சேர்த்தே முடிச்சுடலாமான்னு அப்பா கேக்குறார்.

உள்ளங்கை

சேர்த்து வேண்டாம், காரணத்தை சிஸ்டர் சொல்லிவிட்டார். இடது நடுத்தர நிலை, ஸ்பிளிண்டுக்கும் கேட்கிறது. வலது தேறும் வரை எல்லா வேலையும் இடதின் மேல் விழும், அதனால் ராத்திரி ஸ்பிளிண்டை விட்டுவிடாதீர்கள். மணிக்கட்டு நேராக நிற்க வேண்டும், கடையில் விற்கும் பல பட்டைகள் அதைப் பின்னால் வளைத்து வைக்கின்றன. உள்ளே இருக்கும் தகட்டை உருவி, தட்டிச் சமமாக்கிச் செருகுங்கள். வலது கைக்குப் பிடிமானம் வந்து, எட்டு வாரமோ மூன்று மாதமோ ஆனபின் இடதைத் திரும்பப் பரிசோதிக்கலாம். பகலில் விடாமல் மரக்க ஆரம்பித்தால் மட்டும் அதற்கு முன்பே வாருங்கள்.

நெல்லை பிசியோ

ஆபரேஷனுக்கு முன்னாடி இந்த வாரமே ஒரு வேலை. ஊசி நுனியும் மழுங்கின பக்கமும் மாத்தி மாத்தி வலது விரல் நுனியில லேசாத் தொட்டு, கண்ணை மூடிக்கிட்டு எதுன்னு சொல்லச் சொல்லுங்க. பத்துக்கு எத்தனை சரின்னு விரல் வாரியா நோட்டுல எழுதி வெச்சு, மாசா மாசம் அதே மாதிரி எழுதுங்க. நாலாவது மாசம் "ஒண்ணும் மாறலையே"ன்னு அம்மா சொல்றப்போ அந்த நோட்டைக் காட்டலாம்.